கரையை இழந்தவர் வரைந்த கரை: ஓவியர் ஐவன் பீரிஸ்

இலங்கையின் நவீன ஓவியர்களில் கடற்கரையை வாழ்நாள் முழுவதற்குமான பொருளாக எடுத்துக்கொண்டவர் ஐவன் பீரிஸ். 1921 ஜூலை 31 அன்று கொழும்பை ஒட்டிய தெஹிவளையில் பிறந்தார். 1988 பிப்ரவரி 13 அன்று இங்கிலாந்தில், சவுத்எண்ட் என்னும் கடலோர ஊரில் வாழ்ந்துவந்த நிலையில் காலமானார். அறுபத்தாறு ஆண்டு வாழ்வில் பாதிக்கும் மேல் பிறந்த நாட்டுக்கு வெளியே கழிந்தது. ஆனால் அவர் தூரிகை திரும்பத் திரும்பச் சென்று நின்ற இடம் இலங்கையின் மேற்குக் கரை. இழந்த ஒன்றை மனிதன் எப்படி வைத்துக்கொள்கிறான் என்பதற்கு அவர் வாழ்வும் வேலையும் நேர்ச் சான்று. அழுது தீர்க்காமலும் மறந்து விடாமலும், ஒரே கரையை முப்பத்தைந்து ஆண்டுகள் பொறுமையாக வரைந்துகொண்டே இருந்தார்.

தெஹிவளை வீடு

கொழும்பிலிருந்து தெற்கே காலிக்குச் செல்லும் ரயில் பாதை கடலை ஒட்டியே ஓடுகிறது. தெஹிவளை அந்தப் பாதையில் இருக்கிறது. தண்டவாளத்தின் ஒரு பக்கம் வீடுகளும் தோட்டங்களும். மறுபக்கம் மணலும் அலையும். கடல் மேற்கே இருப்பதால் சூரியன் தண்ணீருக்குள் இறங்குவதை அங்கே நாள்தோறும் பார்க்கலாம். மே மாதம் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கினால் அதே கடல் பழுப்பேறிச் சீறும். மீன்பிடி வலைகளும் மாதா கோயில்களும் அந்தக் கரையில் அடுத்தடுத்து இருக்கும். பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வந்த காலத்தில் கத்தோலிக்கத்தைத் தழுவிய கடற்கரைச் சமூகங்கள், நம் தூத்துக்குடிக் கரையில் இருப்பதுபோலவே இலங்கையின் மேற்குக் கரையிலும் உண்டு.

பீரிஸ் குடும்பமும் கத்தோலிக்கக் குடும்பம்தான். ஆனால் மீனவர் குடும்பம் அல்ல. தந்தை டாக்டர் ஜேம்ஸ் பிரான்சிஸ் பீரிஸ் ஸ்காட்லாந்தில் மருத்துவம் படித்தவர். தாய் கொழும்பின் புனித பிரிஜட் கன்னியர் மடப் பள்ளியில் படித்தவர். வீட்டில் ஆங்கிலமே பேச்சுமொழி. கிறிஸ்துமஸே பெரிய பண்டிகை. சிங்களப் பண்பாட்டோடு பிள்ளைகளுக்கு இருந்த தொடர்பு பெரும்பாலும் பாட்டி வழியாக வந்ததுதான். பிள்ளைகள் நால்வர். மூத்தவர் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் பின்னாளில் சிங்களத் திரைப்படத்துக்குப் புதுப் பாதை போட்டவர். ஐவன் ஓவியத்துக்குப் போனார்.

இந்த வீட்டுச் சூழலைக் கவனிக்காமல் ஐவனின் தனிமையைப் புரிந்துகொள்ள முடியாது. கடலுக்கு மிக அருகில் வளர்ந்தும், அந்தக் கடலில் பிழைக்கும் மக்களின் மொழியிலிருந்து ஒரு தலைமுறை தள்ளி நின்ற பிள்ளை அவர். அவர் படங்களில் மீனவர்களும் குளிப்பவர்களும் எப்போதும் சற்றுத் தொலைவிலேயே நிற்பார்கள். நாட்டை விட்டுப் போன பிறகு ஏற்பட்ட தொலைவு மட்டும் அன்று அது. ஊரில் இருந்தபோதே தொடங்கிய தொலைவு.

போர்க்காலமும் 43 குழுவும்

ஐவனுக்கு ஓவியம் கற்பித்தவர் ஹாரி பீரிஸ். குடும்பப் பெயர் ஒலியில் ஒன்றாக இருந்தாலும் இவர் வேறு குடும்பத்தவர். லண்டனிலும் பாரிஸிலும் பயின்று, சாந்திநிகேதனிலும் இருந்துவிட்டுக் கொழும்பு திரும்பிய ஆசான். பார்ப்பதை அப்படியே பிரதி எடுக்கும் பழைய அகாதமிப் பழக்கத்தை விட்டு, கோட்டையும் வண்ணத்தையும் தன் போக்கில் கையாள அவர் மாணவர்களைப் பழக்கினார்.

அந்தப் பயிற்சிக் காலத்திலேயே இரண்டாம் உலகப் போர் கொழும்பின் தலைக்கு மேல் வந்தது. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. ஜப்பானின் விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து கிளம்பிய நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்கள் காலையில் கொழும்புத் துறைமுகத்தையும் இரத்மலானை விமானத் தளத்தையும் தாக்கின. துறைமுகம் வடக்கே, இரத்மலானை தெற்கே. நடுவில் இருப்பது தெஹிவளை. கத்தோலிக்கருக்கு ஆண்டின் மிகப் பெரிய திருநாள் அது. 1919 ஏப்ரல் 5இல் பிறந்த லெஸ்டருக்கு அன்று இருபத்து மூன்று வயது நிறைந்தது. நான்கு நாள் கழித்துத் திருகோணமலை தாக்கப்பட்டது. மட்டக்களப்புக்கு அப்பால் பிரிட்டனின் ஹெர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. கொழும்பு மக்களில் ஏராளமானோர் நகரை விட்டு உள்நாட்டுக்குக் கிளம்பினார்கள். மீன்பிடிக்கும் கடலாகவும் குளிக்கும் கடலாகவும் இருந்தது, எதிரி வரும் திசையாக ஒரே காலையில் மாறியது.

அடுத்த ஆண்டு ஆகஸ்டில், போர் முடியாத நிலையிலேயே, கொழும்பில் ‘43 குழு’ உருவானது. புகைப்படக் கலைஞரும் பியானோ கலைஞருமான லயனல் வெண்ட் வீட்டில் ஓவியர்கள் கூடினார்கள். ஹாரி பீரிஸ், ஜார்ஜ் கீட், ஜஸ்டின் தெரணியகல, ஜார்ஜ் கிளாசென், ரிச்சர்ட் கேப்ரியல், ஆப்ரி கொலெட், டபிள்யு.ஜே.ஜி. பெலிங், மஞ்சுஸ்ரீ ஆகியோரும் அதில் இருந்தார்கள். ஐவனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. குழுவைக் கூட்டியதில் வெண்டுக்கு அடுத்து அவருக்கே பெரும் பங்கு உண்டு. வெண்ட் அடுத்த ஆண்டே, 1944 டிசம்பரில், மறைந்தார். இளம் ஐவனுக்கு அது பெரிய இழப்பு.

தென்னாசிய நவீன ஓவிய வரலாற்றில் இந்தக் குழுவின் இடம் முன்வரிசையில் உள்ளது. சென்னையில் கே.சி.எஸ். பணிக்கர் முன்னேற்ற ஓவியர் சங்கத்தைத் தொடங்கியது 1944இல். பம்பாயில் சூசா, ஹுசேன், ரஸா ஆகியோரின் முன்னேற்றக் கலைஞர் குழு உருவானது 1947இல். போரும் காலனி ஆட்சியின் கடைசி ஆண்டுகளும் சேர்ந்த அந்த நெருக்கடியில், சிறிய தீவு ஒன்றின் ஓவியர்கள் இவ்விரண்டு நகரங்களுக்கும் முன்பே ஒன்றுகூடிவிட்டார்கள்.

அண்ணனும் தம்பியும்

1946இல் அரசு உதவித்தொகை பெற்று ஐவன் லண்டன் சென்றார். செயின்ட் ஜான்ஸ் வுட் பகுதியில் இருந்த ஆங்கிலோ-பிரெஞ்சுக் கலை மையத்தில் பயின்றார். குண்டுவீச்சில் இடிந்த தெருக்களும் உணவுப் பங்கீடும் அன்றைய லண்டனின் அன்றாடம். அண்ணன் லெஸ்டரும் அங்கே வந்து சேர்ந்தார். இலங்கைப் பத்திரிகைக்குக் கலைச் செய்திகள் எழுதிக்கொண்டே குறும்படங்கள் எடுக்கப் பழகினார். ஒரே வீட்டில் பிறந்த இருவர், ஒருவர் கித்தானிலும் மற்றவர் ஃபிலிமிலும், ஒரே நகரில் தங்கள் தொழிலைக் கற்றார்கள்.

பிறகு பாதைகள் பிரிந்தன. ஐவன் 1949இல் ஊர் திரும்பினார். சுதந்திரம் பெற்று ஓராண்டு ஆன நாடு அது. நான்கு ஆண்டுகள் இருந்தார். 1953இல் மறுபடி இங்கிலாந்து கிளம்பினார். அதன்பின் இலங்கைக்கு வந்து நிலையாக வாழவே இல்லை. லெஸ்டரோ அதற்கு முந்தைய ஆண்டே ஊர் திரும்பிவிட்டார். தென்னிந்திய ஸ்டூடியோக்களில், தமிழ்ப் படங்களின் அச்சிலேயே சிங்களப் படங்கள் எடுக்கப்பட்டுவந்த காலம் அது. லெஸ்டர் 1956இல் ‘ரேகாவ’ படத்தின் கேமராவைக் கிராமத்துக்குள், வெயிலுக்குள் கொண்டுபோனார். 1963இல் வந்த ‘கம்பெரலிய’ 1965இல் டெல்லி சர்வதேசத் திரைப்பட விழாவில் தங்க மயில் விருது பெற்றது. தொண்ணூற்றொன்பது வயது வரை கொழும்பில் வாழ்ந்து 2018இல் மறைந்தார்.

அண்ணன் திரும்பினார், தம்பி தங்கினார் என்ற இந்தப் பிரிவை வெற்றி தோல்வியாகப் பார்ப்பது தவறு. இருவர் எடுத்துக்கொண்டதும் ஒரே வேலைதான்: ஆங்கிலம் பேசும் வீட்டில் பிறந்த பிள்ளைகள் தங்கள் நாட்டை மறுபடி கண்டெடுக்கும் வேலை. லெஸ்டருக்கு அதற்கு நடிகர்கள் வேண்டும், கிராமம் வேண்டும், வெயில் வேண்டும். அவர் ஊரில் இருந்தே ஆக வேண்டும். ஐவனுக்கு வேண்டியது ஒரு சட்டமும் சில வண்ணங்களும் தான் சேர்த்து வைத்திருந்த நினைவும். நினைவைக் கூர்மையாக்க அவருக்குத் தொலைவு உதவியது. அதற்கு விலையும் அவரே கொடுத்தார்.

43 குழுவின் மற்றவர்களும் சிதறினார்கள். கொலெட் ஆஸ்திரேலியா போனார். கிளாசென் லண்டனில் தங்கினார். தெரணியகல தன் தோட்ட வீட்டில் ஒதுங்கி வாழ்ந்தார். குழு என்ற பெயரில் படங்கள் மட்டும் உலகம் சுற்றின. 1952இல் லண்டன், 1953இல் பாரிஸின் பெத்தி பலே அருங்காட்சியகம், 1956இல் வெனிஸ் பியனாலே. போரின் நடுவில் கூடிய நண்பர்கள் சமாதானக் காலத்தில் தனித்தனி ஆட்களானார்கள்.

சவுத்எண்டின் கடல்

ஐவன் இங்கிலாந்தில் முதலில் லண்டனிலும் பிறகு சவுத்எண்டிலும் வாழ்ந்தார். அங்கேயே மணம் செய்து பிள்ளைகளையும் வளர்த்தார். ஆகவே அவருடைய தனிமை துறவியின் தனிமை ஆகாது. வீட்டில் ஆள் இருந்தது. தன் படங்களைத் தன் மண்ணின் கண்ணோடு பார்க்க ஆள் இல்லை. பிரிட்டனின் ஓவியச் சந்தை ஆசியாவிலிருந்து வந்தவர்களை 1950களில் சிறிது ஆர்வத்தோடு பார்த்தது. அடுத்த பத்தாண்டுகளில் அந்த ஆர்வம் வடிந்தது. இலங்கை ரசிகர்களோ ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தார்கள். இரண்டு பக்கமும் கேட்பாரில்லாத நிலையில் அவர் வேலை செய்துகொண்டே இருந்தார்.

சவுத்எண்ட், தேம்ஸ் ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தில் இருக்கிறது. லண்டன் மக்கள் விடுமுறைக்கு வரும் ஊர். கடலுக்குள் இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் நீளும் பாலம் அதன் அடையாளம். அத்தனை நீளம் ஏன் என்பதற்குக் காரணம் அந்தக் கடலின் தன்மையிலேயே இருக்கிறது. அங்கே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு ஐந்து மீட்டரைத் தாண்டும். வற்றத்தின்போது தண்ணீர் வெகுதூரம் பின்வாங்கிச் சேற்று வெளி மட்டும் மிஞ்சும். படகு அணைய வேண்டுமானால் பாலம் தண்ணீரைத் தேடி அவ்வளவு தூரம் போக வேண்டும். தெஹிவளையில் கடல் ஒரு மீட்டர்கூட ஏறி இறங்காது. அங்கே கரை எப்போதும் ஒரே கோட்டில் இருக்கும். தண்ணீர் எப்போதும் காலுக்கருகில் இருக்கும்.

ஐவன் படங்களில் வரும் கரை இந்த இரண்டாவது கரை. மணலும் தண்ணீரும் சேரும் கோடு அவற்றில் அசையாமல் நிலைத்திருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே ஒரு கடல் நாளுக்கு இரண்டு முறை விலகி விலகிப் போக, சட்டத்துக்குள் விலகாத ஒரு கடலை அவர் வரைந்தார்.

வண்ணத்திலும் இதே நிலைதான். திருப்பூர்ப் பக்கத்துச் சாயப்பட்டறைகளில் வேலை பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பகல் வெளிச்சத்தில் ஒரே ஷேடாகத் தெரியும் இரண்டு துணிகள் கடை விளக்கின் கீழ் வேறு வேறாகத் தெரியும். அதனால்தான் துணியை அனுப்புவதற்கு முன் பல விளக்குகளின் கீழ் வைத்துப் பார்த்து ஷேடு ஒப்புகிறார்கள். ஒப்பிட அங்கே ஒரு மாதிரித் துண்டு கையில் இருக்கும். ஐவனுக்கு அது இல்லை. வட கடலின் சாம்பல் வெளிச்சத்தில் உட்கார்ந்து, வெப்ப நாட்டு அந்தியின் நீலத்தையும் காவியையும் நினைவை மட்டும் மாதிரியாக வைத்துக் கலக்க வேண்டியிருந்தது. அவருடைய வண்ணங்கள் அடங்கி, ஆழ்ந்து, மாலைக்கும் இரவுக்கும் இடைப்பட்ட நேரத்தில் நிலைத்திருப்பதற்கு இந்தச் சூழலும் ஒரு காரணம் என்று கொள்ளலாம்.

படத்துக்குள் இருப்பவை

அவருடைய கடற்கரைப் படங்களின் அமைப்பு எளிமையானது. கீழே மணல், நடுவே கடல், மேலே வானம் என்று படுக்கைவாட்டில் மூன்று பட்டைகள். அந்தப் பட்டைகளைச் செங்குத்தாக வெட்டிக்கொண்டு ஒரு மரமோ சில மனிதர்களோ நிற்பார்கள். உடல்கள் ஒடுங்கி நீண்டவை; பழைய ஐரோப்பிய ஓவியர் எல் கிரேக்கோ வரைந்த புனிதர்களின் உடல்களை நினைவூட்டுபவை. முகத்தில் விவரம் குறைவு. இருவர் மூவர் சேர்ந்து நின்றாலும் ஒருவரையொருவர் பார்ப்பது அரிது. கடலைப் பார்த்தோ தரையைப் பார்த்தோ நிற்பார்கள். வலை இழுக்கும் பரபரப்போ அங்காடிக் கூச்சலோ பெரும்பாலும் இராது. ஏதோ ஒன்று நடந்து முடிந்துவிட்டது, அல்லது இனி நடக்கப்போகிறது என்ற நிலையில் எல்லோரும் நிற்கிறார்கள்.

போர் இந்தப் படங்களில் எங்கே இருக்கிறது என்ற கேள்வி எழும். அவருக்குப் பெயர் வாங்கித் தந்த படங்களில் விமானம் இல்லை, பீரங்கி இல்லை, பிணம் இல்லை. ஆனால் ஓர் ஈஸ்டர் காலையில் கடலின் திசையிலிருந்து அழிவு வந்ததைக் கண்ட ஊரைச் சேர்ந்தவர் அவர். அடிவானத்தைப் பார்த்து அசையாமல் நிற்கும் மனிதர்களுக்கு அந்த அனுபவத்தின் சாயல் உண்டு என்று வாசிக்க இடமிருக்கிறது. குடும்பமும் அப்படித்தான். தாய், தந்தை, உடன்பிறந்தோர் என்று பெயரிட்டுச் சொல்லும் கதை படங்களில் இல்லை. சேர்ந்து நின்றும் பிரிந்திருக்கும் உருவங்கள் இருக்கின்றன. நிகழ்ச்சியை வரையாமல், நிகழ்ச்சி மனிதர்களின் நிற்கும் விதத்தில் விட்டுச்சென்ற தடத்தை வரைந்தார். காலம் கடந்தும் படங்கள் பழசாகாமல் இருப்பதற்கு இதுவே காரணம்.

இலங்கை அறிஞர் சேனக பண்டாரநாயக்க ஐவனைப் பற்றி எழுதும்போது, மூன்றாம் உலக நாட்டு நடுத்தர வர்க்கக் கலைஞனின் இக்கட்டு என்ற கோணத்தில் அவரை அணுகினார். மேலைக் கல்வி, காலனிக்குப் பிந்தைய நாடு, தன் மக்களிடமிருந்து விலகல் ஆகிய மூன்றும் கூடிய இக்கட்டு அது. ஐவன் அதற்குத் தீர்வு எதையும் அறிவிக்கவில்லை. இக்கட்டையே பொருளாக்கி உண்மையோடு வரைந்தார்.

வடக்கின் கரை

1956இல் சிங்களம் மட்டும் சட்டம், 1958இல் கலவரம், 1983 ஜூலையில் தமிழர் மீதான பெரும் வன்முறை, அதைத் தொடர்ந்து 2009 வரை நீண்ட போர் என்று ஐவன் விட்டுச்சென்ற நாடு மாறிக்கொண்டே போனது. அந்தப் போர் முடிவதற்கு இருபத்தோரு ஆண்டுகள் முன்பே அவர் மறைந்துவிட்டார். அதே தீவின் வட கரையில் பிறந்த மற்றொரு ஓவியர் அந்தப் போரை நேரில் சுமந்தார். ஐவன் வாழ்வின் முழுப் பொருளும் அவரோடு சேர்த்துப் பார்க்கும்போதே தெளிவாகிறது.

அவர் அ. மாற்கு. 1933இல் யாழ்ப்பாணத்தின் குருநகரில் பிறந்தவர். குருநகரும் மீனவர் கரை. அங்கும் மாதா கோயில்களே கரையின் அடையாளம். கொழும்பு நுண்கலைக் கல்லூரியில் பயின்று, ஊர் திரும்பி ஓவிய ஆசிரியரானார். ‘மாற்கு மாஸ்டர்’ என்றே யாழ்ப்பாணம் அவரை அழைத்தது. அவரிடம் கற்ற தலைமுறையிலிருந்து தா. சனாதனன், நிலாந்தன் போன்றவர்கள் வந்தார்கள். 1987இல் அவரைச் சிறப்பித்து ‘தேடலும் படைப்புலகமும்’ என்னும் மலர் வெளியானது.

1995 அக்டோபர் இறுதியில் இராணுவம் யாழ்ப்பாணத்தை நெருங்கியபோது அந்நகரைச் சூழ்ந்த வலிகாமம் பகுதி முழுவதும் ஒரே இரவில் கிளம்பியது. லட்சக்கணக்கானோர் மழையில், நாவற்குழிப் பாலம் வழியாக அடுத்த பகுதியான தென்மராட்சிக்கு நடந்தார்கள். கையில் எடுக்க முடிந்தது பிள்ளையும் ஒரு பையும்தான். கித்தானையும் சட்டத்தையும் யார் சுமப்பது? மாற்குவின் படைப்புகளில் பெரும்பகுதி அந்த இடப்பெயர்வோடு போயிற்று. அதன் பிறகு அவர் மன்னாரில் வாழ்ந்து 2000இல் மறைந்தார்.

ஐவன் தானாகக் கிளம்பினார். கரையை இழந்தார், படங்கள் நின்றன. மாற்கு துரத்தப்பட்டார், கரையும் போயிற்று, படங்களும் போயின. முதலாவது சோகத்துக்கு அழகு உண்டு. இரண்டாவது சோகத்தில் அழகு தேடுவது அநியாயம். கடலும் தனிமையும் கலைஞனை உருவாக்கும் என்ற பேச்சை இந்த வேறுபாட்டை மறந்து பேசக் கூடாது. தனிமையைத் தேர்ந்தெடுக்கவும் ஒரு குறைந்தபட்சப் பாதுகாப்பு வேண்டும்.

சோழமண்டலம் காட்டிய வேறு வழி

அந்தப் பாதுகாப்பைக் கலைஞன் எப்படிப் பெறுவது என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டுக் கரையில் வேறொரு விடை தேடப்பட்டது. 1966இல் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில், பணிக்கர் தலைமையில் ஓவியர்களும் சிற்பிகளும் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை அமைத்தார்கள். பாட்டிக் துணிகளும் கைவினைப் பொருட்களும் செய்து விற்ற பணத்தில் நிலம் வாங்கி, ஆளுக்கொரு வீடு கட்டிக்கொண்டார்கள். வயிற்றுப்பாட்டுக்குத் துணியில் மெழுகும் சாயமும். மனத்துக்குக் கித்தானில் ஓவியம். சந்தையின் தயவு இல்லாமல் கலைஞர்கள் கூடி வாழ முடியும் என்பதற்கு அது நல்ல சான்று.

ஆனால் கூட்டு வாழ்வும் எல்லாத் தனிமையையும் தீர்த்துவிடவில்லை. பணிக்கரின் மாணவர் கே. ராமானுஜம் அங்கேதான் வாழ்ந்தார். மனநோயோடு போராடிய அவர், மாளிகைகளும் பாம்புகளும் பறக்கும் உருவங்களும் நிறைந்த கனவுலகை மையில் நுணுக்கமாக வரைந்தார். 1973இல், முப்பது வயதைச் சற்றே கடந்த நிலையில், உயிரை மாய்த்துக்கொண்டார். கலைஞனுக்குக் கூரையும் தோழர்களும் வேண்டும். அவற்றோடு மருத்துவமும் அரவணைப்பும் வேண்டும். துன்பத்தால்தான் கலை பிறக்கிறது என்று சொல்லி அந்தத் தேவையைத் தள்ளிவிட யாருக்கும் உரிமை இல்லை.

எஞ்சியவையும் செய்ய வேண்டியவையும்

ஐவன் மறைந்த அடுத்த ஆண்டு, 1989இல், லண்டன் ஹேவர்ட் கலைக்கூடத்தில் ரஷீத் அராயீன் ‘தி அதர் ஸ்டோரி’ என்ற கண்காட்சியை அமைத்தார். போருக்குப் பிந்தைய பிரிட்டனில் வாழ்ந்து, அந்த நாட்டின் கலை வரலாற்றில் இடம் கிடைக்காமல் போன ஆசிய, ஆப்பிரிக்க, கரீபியக் கலைஞர்களை அது முன்வைத்தது. ஐவனின் படங்களும் அதில் இருந்தன. 1996இல் சேனக பண்டாரநாயக்கவும் மானெல் பொன்சேகாவும் அவருடைய ஐம்பதாண்டு ஓவியங்களைத் தொகுத்து நூலாக்கினார்கள். கொழும்பில் ஹாரி பீரிஸ் தன் வீட்டையே சபுமால் அறக்கட்டளையாக்கி 43 குழுவின் ஓவியங்களைக் காத்தார். ஓர் ஆசிரியரின் வீடு, இரண்டு ஆய்வாளர்களின் உழைப்பு, ஒரு கண்காட்சியாளரின் பிடிவாதம் ஆகியவையே, வாழ்ந்தபோது போதிய கவனம் பெறாத ஓவியரை இன்று பார்க்கக் கூடியவராக ஆக்கியிருக்கின்றன.

மாற்குவைப் போன்றவர்களுக்கு இந்த வாய்ப்பு கிடைக்கவில்லை. எஞ்சியிருப்பவை அச்சில் வந்த மலரும், மாணவர்களின் நினைவும், தனியாரிடம் சிதறிக் கிடக்கும் சில படங்களுமே. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அந்த இழப்பிலிருந்து பாடம் கற்ற தலைமுறைதான் பின்னாளில் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிம வடிவில் சேமிக்க ‘நூலகம்’ திட்டத்தைத் தொடங்கியது. எழுத்துக்குக் கிடைத்த அந்தக் காவல் ஓவியத்துக்கும் வேண்டும். நல்ல புகைப்படப் பதிவு, அளவும் ஆண்டும் ஊடகமும் குறித்த பட்டியல், படம் யாரிடம் இருக்கிறது என்ற குறிப்பு, தமிழில் எழுதப்பட்ட வாழ்க்கை வரலாறு ஆகிய நான்கும் இருந்தால், படமே அழிந்தாலும் படைப்பு முழுவதுமாக அழியாது. ஓவியர் உயிரோடு இருக்கும்போதே இந்தப் பணியைத் தொடங்க வேண்டும். ஊருக்கு ஊர் இருக்கும் பள்ளி ஓவிய ஆசிரியர்களிடமிருந்தும் உள்ளூர் நூலகங்களிலிருந்தும் அதைத் தொடங்கலாம். அதற்குப் பெரிய நிறுவனத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.